கண்ணாடி போட்ட குழி

நாடகம் நடக்காத தியேட்டரைப் பார்க்கவும் ரிக்கற் வாங்குகிற நாடு இது. மகள் நிலானியோடு, நாங்கள் இப்போது இருக்கிற அஜக்ஸிலிருந்து ரயிலேறிப் போனேன். ரொறொன்ரோ நகர நடுவில், அண்மையில் திருத்தித் திறந்த பழைய கட்டடம். ஒரு காலத்தில் பாட்டு, ஆட்டம், கோமாளி, வித்தை என்று எல்லாம் ஒரே மேடையில் ஓடியதாம். வோட்வில் என்று பெயர். பிறகு சினிமா. பிறகு பல வருடம் வெறுமையாகக் கிடந்தது என்றாள் சுற்றிக்காட்டிய வெள்ளைக்காரப் பெண்.

அந்த வெறுமையான வருடங்களில்தான் நாங்கள் அங்கே இருந்தோம். அகதியாக வந்த புதிதில், யேசுவைச் சிலுவையில் அறையும் தவக்காலத்துத் திருப்பாடுகளின் நாடகம் போட வேறு மண்டபம் கட்டுப்படியாகாமல், கூரை ஒழுகிய இந்தக் கட்டடத்தை மலிவாக எடுத்தோம். குளிருக்கு ஹீற்றரும் இல்லை. என்றாலும் மேடையில் யாரும் செருப்போடு ஏறவில்லை, யூதாஸ்கூட வெறுங்கால்தான். கர்த்தராக நடித்தவர் என் கணவர் மரியதாஸ். ஒத்திகையில் சிலுவை ஆடியது. “உதில தொங்கினா உயிர்த்தெழ ஏலாது” என்று சொல்லி, மரம் அறுக்கிற வாளைத் தானே எடுத்து மேடைப் பலகையில் சதுரமாக ஒரு குழி வெட்டினார். தன் சிலுவைக்குத் தானே குழி வெட்டிய கர்த்தர் என்று பகிடி பண்ணினோம். பெரிய வெள்ளியன்று சனம் வாய்விட்டு அழுதது. யேசுவுக்காக மட்டும் அழவில்லை. குழியைக் கண்ட கட்டடக்காரன், காட்டுமிராண்டிகள் என்று கத்தி எங்களைத் துரத்திவிட்டான்.

போன வருடம் இவர் இறந்துவிட்டார். அந்தக் குழியாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

இருந்தது. மேலே கண்ணாடி மூடி, உள்ளே சின்ன விளக்கு. அந்தக் கால மந்திரவாதி ஒருவன் கம்பம் நட்ட இடமாம். எல்லோரும் குனிந்து படமெடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது என் கணவர் வெட்டியது” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். “அவரைச் சிலுவையில் அறைவதற்கு.”

சுற்றிக்காட்டியவளின் முகம் வெளிறியது. “உங்கள் நாட்டில் நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன்” என்று என் கையைத் தடவினாள்.

“அம்மா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கினம்.”

“உன்ரை அப்பா வெட்டினது, பிள்ளை.”

“ஐ நோ, அம்மா. ஆர் நம்புவினம்?”

ஊரில் இதே நாடகத்துக்கென்று இருந்த எங்கள் கோயில் முற்றத்துச் சிலுவைக்குழி இராணுவ முகாமின் வேலிக்குள் போய்விட்டது. அதைக் காட்டி யாரும் காசு வாங்குவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்றவர்கள் நகர்ந்ததும், குழியருகே நின்று ஒரு காலின் சப்பாத்தைக் கழற்றினேன். பாதுகாப்புக்காகச் சப்பாத்துப் போடவேண்டும் என்று அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னாள். கழற்றியதைப் போடவும் மனமில்லை, மற்றதைக் கழற்றவும் துணிவில்லை. ஒரு கால் சப்பாத்துக்குள்ளும் ஒரு கால் வெறும் பலகையிலுமாக நின்றேன். பலகை அன்றைக்குப்போல் குளிரவில்லை. இப்போது கீழே ஹீற்றர் போட்டிருக்கிறார்கள்.