பத்து மணிக் கையெழுத்து

என் பழைய நாட்குறிப்புக்குள் அரைத்தாள் ஒன்று மடித்துக் கிடக்கிறது. பென்சிலால் வரைந்த வழி. ஒரு முனையில் சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் குடியிருப்பு, மறுமுனையில் பள்ளிக்கூடம், இடையில் பெருக்கல் குறியிட்ட ஒரு கடை, அதற்கு எதிரே காவல் நிலையம். எட்டு வயதுப் பெண் தினமும் நடந்த வழி அது. வரைந்தவர் ஓர் இன்ஸ்பெக்டர். வரையச் சொன்னவர், தொண்ணூறுகளில் நான் சுருக்கெழுத்தாளராக இருந்த நீதிமன்றத்தின் நீதிபதி.

குழந்தைக்குக் கொடுமை செய்ததாக வரும் வழக்குகளில் ஜாமீன் மனு வந்தால் அவர் முதலில் வழியைத்தான் கேட்பார். குழந்தையின் வீடு எங்கே, அந்த ஆளின் வீடு எங்கே, இருவரும் எந்த இடத்தில் எதிர்ப்படுவார்கள்? "கோர்ட்டுக்கு வாரதுக்கு முன்னால டிராயிங் வாத்தியார்கிட்டப் போகோணுமாட்ட இருக்குதுங்க" என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் முணுமுணுத்தார். ஆனாலும் வரைந்தார்.

அந்தக் கடைக்காரன்தான் குற்றம் சாட்டப்பட்டவன். புலன்விசாரணை முடிந்துவிட்டது, குழந்தையின் வாக்குமூலமும் பதிவாகிவிட்டது, இனி அடைத்து வைக்கக் காரணமில்லை என்று வாதாடினார் அவன் வக்கீல். வெளியே வந்தால் குழந்தை மிரளும் என்றார் அரசு வழக்கறிஞர். நீதிபதி ஐயா இன்ஸ்பெக்டர் வரைந்த தாளை எடுத்துப் பார்த்தார். "குத்தம் இன்னும் நிரூபணமாகலீங்க. தண்டனையாட்ட உள்ள வெக்க முடியாது. ஆனா அவன் இந்த ரோட்டுல நிக்கக் கூடாது" என்றார். கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அக்கா வீட்டில் தங்கி, அந்த ஊர்க் காவல் நிலையத்தில் தினமும் காலை பத்து மணிக்குக் கையெழுத்திட வேண்டும் என்று சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன்.

ஜாமீன் உத்தரவுக்கு எங்களிடம் சைக்ளோஸ்டைலில் நகலெடுத்த படிவம் இருந்தது. 'வழக்குப் பதிவான காவல் நிலையத்தில்' என்ற வரி அதில் முன்பே இருக்கும். வேறு ஊர் என்றால் அதை அடித்துவிட்டு ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, கையெழுத்துக்குக் காத்திருந்த காகிதக் கட்டில் அந்த உத்தரவையும் சேர்த்து வைத்தேன். ஐயா கையெழுத்திட்டார். உத்தரவு அன்றே ஜெயிலுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். 'கோபி' என்று ஊர்ப் பெயரைச் சுருக்கி எழுதியதும் பேனா நின்றது. அந்தப் பெயரைத் தட்டச்சு செய்ததாக என் விரல்களுக்கு நினைவே இல்லை. ஐயா வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஒருவேளை சரியாகவே செய்திருப்பேனோ என்ற நப்பாசையில், வழக்குப் பதிவான, கடைக்கு எதிரே இருந்த காவல் நிலையத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒன்பதரைக்கெல்லாம் அவன் காவல் நிலைய வாசலில் நின்றிருந்தான். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தான். சாலையின் இந்தப் பக்கம், சனிக்கிழமையும் பள்ளி இருந்ததால், அந்தப் பெண் சீருடையோடு தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். அவள் கால் நகரவில்லை. தாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏனுங்க, கோர்ட்டு சாருங்களா? கோபிக்கு அனுப்பிப்போட்டாங்கன்னு சொன்னாங்களே, இவன் எப்படீங்க இங்க நிக்கறான்?"

"எழுத்துல ஒரு தப்புங்க அம்மணி. திங்கக்கெழம சரியாயிருமுங்க."

யாருடைய தப்பு என்று நான் சொல்லவில்லை.

"அது சரியாயிருமுங்க. இவ இன்னைக்குப் பாத்துப்போட்டாளே, அதை என்னங்க பண்றது?"

அங்கிருந்து நேரே ஐயா வீட்டுக்குப் போனேன். அவர் திட்டவில்லை. "கையெழுத்து என்னுதுங்க. படிக்காமப் போட்டுட்டேன்" என்றார். விடுமுறை நாளென்றும் பாராமல் அன்றே திருத்திய உத்தரவு போனது. சாயந்திரம் அவன் கோபிக்குப் பஸ் ஏறினான். அதன்பின் அந்தப் பக்கம் வரவில்லை.

பல மாதம் கழித்து விசாரணை. கூண்டில் நிற்பவரைத் தெரியுமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்கள். அவள் தரையைப் பார்த்தாள். "தெரியாதுங்க" என்றாள். முன்பு சொன்ன எதையும் அன்று சொல்லவில்லை. வேறு சாட்சியும் இல்லை. ஐயா விடுதலைத் தீர்ப்பைச் சொல்லச் சொல்ல நான் குறித்தேன். நானே தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தேன். ஒரு பிழையும் இல்லை.

அன்றைக்கு அவனைப் பார்க்காமலிருந்தாலும் பயந்த குழந்தை எப்படியும் வாயடைத்துப் போயிருக்கும் என்று ஐயா ஒருமுறை சொன்னார். என்னைத் தேற்றச் சொன்னாரா, தன்னையேவா, தெரியவில்லை. இன்று இத்தகைய வழக்குகளுக்கென்றே சட்டமும் நீதிமன்றமும் வந்துவிட்டன. அரைத்தாளில் பென்சில் மங்கிவிட்டது. குடியிருப்பிலிருந்து கிளம்பும் கோட்டை விரலால் தொடர்கிறேன். கடைக்கு எதிரே வந்ததும் விரல் நின்றுவிடுகிறது.