வீராயி ஒப்புக்கொள்ளவில்லை

1. பூஜை அலமாரியிலிருந்து வந்த கட்டு

முப்பத்தோரு வருடம் யாங்கோனில் கோர்ட் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தேன். தமிழிலும் இங்கிலீஷிலும் இருப்பதைப் பர்மியத்தில் ஆக்கி, கீழே சான்றுக் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கையெழுத்துப் போட முடியாது என்று நான் சொன்னது ஒரே ஒரு தடவை. அதைத்தான் இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

அப்போது வக்கீல் ஊ தெய்ன் ஹானின் ஆபீஸில் எனக்கு ஒரு மேஜை இருந்தது. (ஊ என்றால் பர்மியத்தில் ஐயா.) அலோன் பேட்டையிலிருந்து ஊ ஸோ லின் என்று ஒரு கட்சிக்காரர் வந்தார். எழுபது வயது இருக்கும். வீட்டில் அவருக்குச் சோலையப்பன் என்று பூட்டனார் பெயர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. கரை போட்ட லுங்கியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்து, சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு கட்டை இரண்டு கையாலும் எடுத்து மேஜைமேல் வைத்தார். துணியில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன.

அவர் சொன்ன விவரம் இது. அலோனில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சின்ன அம்மன் கோயில். அங்கே திருவிழா நாளில் மட்டும் அம்மனுக்குப் போடும் பழைய அட்டிகை ஒன்று உண்டு. அது அவருடைய பூட்டனார் மேஸ்திரி சோலையப்பனுடையது, திருவிழாவுக்குப் போட்டுக்கொள்ளத்தான் கொடுத்தார், நன்கொடையாகக் கொடுக்கவில்லை. இப்போதைய கோயில் கமிட்டி அதைக் கோயில் சொத்து என்கிறது. கேட்டால் தர மறுக்கிறது. அதனால் அசையும் பொருளைத் திரும்பப் பெறும் வழக்குப் போட வேண்டும்.

அட்டிகை பூட்டனாருடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று வக்கீல் கேட்டார். ஊ ஸோ லின் கட்டைத் தொட்டுக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே யாங்கோன் ரங்கூனாக இருந்தபோது, அந்த அட்டிகைக்காக மேஸ்திரி கோர்ட்டுக்குப் போய் ஜெயித்திருக்கிறார். அந்தத் தீர்ப்பின் டிக்ரி நகல் உள்ளே இருக்கிறது.

வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்த மாதிரி அத்தாட்சி யாருக்குக் கிடைக்கும்? வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் பர்மியத்தில் போட்டுக் கொடுங்கள் சயாமா என்று டீச்சரம்மாவுக்குரிய மரியாதையோடு என்னிடம் சொல்லிவிட்டு லப்பெய்யே என்கிற பால் டீ வரவழைத்தார். மூன்று பேரும் குடித்தோம்.

2. டிக்ரியில் இருந்தது

கட்டில் நான்கு காகிதங்கள் இருந்தன. மூன்று இங்கிலீஷ், ஒன்று தமிழ். முதலில் டிக்ரியை எடுத்தேன்.

வாதி, துறைமுகக் கூலிகளுக்கு மேஸ்திரியான சோலையப்பன். பிரதிவாதி வீராயி, அவன் வீட்டில் நாலு வருடம் குடித்தனம் நடத்திவிட்டு வெளியேறியவள். வாதி தனக்குச் சொந்தமென்று திருப்பிக் கேட்ட பொருள்கள்: அட்டிகை ஒன்று, வெள்ளித் தண்டை ஒரு ஜோடி, மூக்குத்தி ஒன்று, பித்தளைக் குடம் ஒன்று, சேலை மூன்று. பிரதிவாதி ஒப்புக்கொண்டதால் விசாரணை தேவையில்லை, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு.

இப்படிப்பட்ட வழக்குகள் அந்தக் காலத்தில் நிறைய நடந்திருக்கின்றன. குடம், பெட்டி, மாடு, கட்டில் என்று பொருளையே கேட்டு வழக்குப் போடுவார்கள். பழைய நகல்கள் சில என் கைக்கு வந்ததுண்டு. அதனால் எனக்கு இது புதிதாகப் படவில்லை. டிக்ரியை முடித்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தேன். அது கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் பெய்லிஃப் கொடுத்த அறிக்கை.

அறிக்கை ஐந்தே வரி. உத்தரவு வாசிக்கப்பட்டதும் கோர்ட் வராந்தாவிலேயே பொருள்கள் மீட்கப்பட்டன. அட்டிகையும் தண்டையும் பிரதிவாதியின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டன. மூக்குத்தியின் திருகு சுழலாததால் இடுக்கி வரவழைக்கப்பட்டது. குடமும் இரண்டு சேலையும் அவள் தங்கியிருந்த இடத்தில் கிடைத்தன. மூன்றாவது சேலை அவள் உடுத்தியிருந்தது. அதுவும் மீட்கப்பட்டது. மாற்றுத் துணி இல்லாததால் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியிலிருந்து இரண்டு அரிசிச் சாக்கு கொடுக்கப்பட்டது.

சாக்குகளைத் திருப்பித் தர வேண்டும் என்று அவளிடம் சொல்லப்பட்டதாகவும் எழுதியிருந்தது.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ஜன்னலுக்குக் கீழே பஸ்காரன் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான். கொலை வழக்குப் பேப்பரெல்லாம் நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அதில் எழுதுபவனே பதறியிருப்பான். இந்த ஐந்து வரியில் எந்தப் பதற்றமும் இல்லை. கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தது.

3. தமிழ்க் காகிதம்

மூன்றாவது காகிதம், வீராயியின் வாக்குமூலத்துக்குக் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் செய்த இங்கிலீஷ் வடிவம். ஒரே வாக்கியம். பிரதிவாதி மேற்படி பொருள்களை வாதியிடமிருந்து பெற்றதை ஒப்புக்கொள்கிறாள், திருப்பிக் கொடுக்கத் தவணை கேட்கிறாள். கீழே சான்றுக் கையெழுத்து, முத்திரை. என்னுடையதைப் போலவே.

நான்காவது, அந்த வாக்குமூலத்தின் தமிழ் நகல். மனு எழுதுகிற யாரோ எழுதிக் கொடுத்தது. வாதிக்கு ஒரு நகல் கொடுப்பது வழக்கம், அப்படித்தான் மேஸ்திரி கைக்கு வந்திருக்கிறது. புள்ளி வைக்காத பழைய எழுத்து. கூட்டிக் கூட்டி வாசிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

"அட்டிகையும் தண்டையும் மூக்குத்தியும் என் ஆத்தாள் போட்டது. கப்பலேறும்போது என் மேலே இருந்தது. குடம் நான் கூலி வேலை செய்து வாங்கினது. மேஸ்திரி எடுத்துக் கொடுத்தது மூணு சீலை. அதில் ஒண்ணு இப்போது கட்டியிருக்கிறேன். வேறே சீலை கிடைக்குமட்டும் அதுக்குத் தவணை வேணும். இது வீராயி கீறல்."

கீறல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், கையெழுத்துக்குப் பதிலாக, ஒரு பெருக்கல் குறி.

அவள் ஒப்புக்கொண்டது மூன்று சேலையை. தவணை கேட்டது ஒரு சேலைக்கு. மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துக் கட்டிவிட்டார். மேஸ்திரியிடம் கைநீட்டி வாங்கினாரா, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேலையை முடிக்க அவசரப்பட்டாரா, எனக்குத் தெரியாது. நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. வீராயிக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அன்று நான் அந்தக் காகிதத்தைத் தொடாமல் விரல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

4. "இத விட்டுட முடியுமா?"

வக்கீலிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். டிக்ரிதான் அத்தாட்சி, தமிழ்க் காகிதத்தை நாம் தாக்கல் செய்யவே போவதில்லை, இங்கிலீஷை மட்டும் மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். ஒப்புக்கொண்டாள் என்ற வரி பொய் என்று தெரிந்துகொண்டே அதன் கீழ் என்னால் கையெழுத்துப் போட முடியாது, தமிழ்க் காகிதமும் சேர்ந்தால்தான் போடுவேன் என்றேன். அவர் குரல் மாறியது. தீர்ப்பைத் திருத்த நீங்கள் யார் என்று கேட்டார். வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஊ ஸோ லின் வந்தார். வக்கீல் என்ன சொல்லியிருந்தாரோ, நேராக என் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, "என்னா சயாமா, எழுத மாட்டேன்னுட்டீங்களாம்" என்றார்.

வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். தலையசைத்தார். வீராயியின் வாக்குமூலத்தை அப்படியே தமிழில் வாசித்தேன். பிறகு பெய்லிஃப் அறிக்கையைத் தமிழில் சொன்னேன். இடுக்கி வரும் இடத்தில் அவர் கை உயர்ந்தது. நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன், இல்லை, தன் மூக்கைத் தொட்டுக்கொண்டார். சாக்கு வரை சொல்லி முடித்தேன்.

"இந்தக் கட்டு சாமி அலமாரியில இருந்துச்சு சயாமா. பூட்டன் ஜெயிச்ச கேஸுன்னு வருசா வருசம் பொட்டு வச்சோம். எம்மவளுக்குக் கல்யாணம் பேசறப்பகூட இது முன்னாடி வுழுந்து கும்புட்டோம்" என்றார்.

தமிழ்க் காகிதத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இத மட்டும் விட்டுட முடியுமா?"

"முடியாது, ஊ ஸோ லின்."

அவர் துணியைக்கூட எடுக்காமல் காகிதங்களை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனார். அந்த மாதக் கடைசியோடு எனக்கு அந்த ஆபீஸில் மேஜை இல்லாமல் போயிற்று. வீட்டிலேயே வேலை பார்க்க ஆரம்பித்தேன்.

ஐந்தாறு வாரம் கழித்து அவர் என் வீட்டைத் தேடி வந்தார். வழக்கு வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டாராம். அட்டிகை எங்கள் குடும்பத்துச் சொத்து இல்லை என்று கோயில் கமிட்டிக்குக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார். எழுதினேன். வீராயியின் வாக்குமூலத்தையும் மொழிபெயர்த்துச் சேர்த்து, கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன். அது யார் கொடுத்தது என்று கோயில் பதிவேட்டில் போடச் சொல்வது என்று கேட்டார். வீராயி கொடுக்கவில்லையே, அவளிடமிருந்து எடுத்தது என்று போடச் சொல்லுங்கள் என்றேன்.

கமிட்டி அப்படி எழுத மறுத்துவிட்டது. அம்மன் நகைக்கு இப்படி ஒரு வரியா என்று சண்டை. வீராயியின் வழியில் யாராவது இருக்கிறார்களா என்று ஊ ஸோ லின் கியாக்தான் வரைக்கும் போய் விசாரித்தார். ஒரு தகவலும் இல்லை. அந்த வருடத் திருவிழாவில் அம்மன் கழுத்தில் அட்டிகை இல்லை. கமிட்டியார் எடுக்கவும் மனமில்லாமல் போடவும் மனமில்லாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். இப்போதும் அப்படித்தான்.

5. இன்சீனிலிருந்து வந்த பெண்

அந்த இங்கிலீஷ் வாக்கியம் என்னை விடவில்லை. "ஒப்புக்கொள்கிறார்" என்று நானே எத்தனை தடவை எழுதியிருப்பேன்! நீளமாகப் பேசுகிறவர்களைச் சுருக்கிவிடுவதில் எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. சரி, இனிமேல் எழுதியதைச் சொன்னவருக்கே அவர் மொழியில் திருப்பி வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது இன்சீனிலிருந்து ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. புருஷன் இறந்த பிறகு அவனுடைய அண்ணன் அவளுடைய தையல் மிஷினை எடுத்துப் போய்விட்டான். அதைத் திரும்பக் கேட்கிறாள். அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் பர்மியத்தில் எழுதினேன். முடித்துவிட்டுத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பாதியில் அவள், "இருங்க சயாமா, அது என்னா, திரும்ப வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். "என் சம்மதத்துடன் மிஷினை எடுத்துச் சென்றார்."

"சம்மதம்னா போட்டிருக்கீங்க? நான் அப்புடிச் சொல்லலியே. அவரு எடுத்துக்கிட்டுப் போனாரு, நான் ஒண்ணும் பேசலன்னுதான சொன்னேன். எனக்குப் பயம்."

பேனா என் கையில்தான் இருந்தது. என்னிடம் யாரும் கைக்கூலி கொடுக்கவில்லை. அவசரமும் இல்லை. அந்தப் பெண்மேல் எனக்கு இரக்கம்கூட இருந்தது. இருந்தும் அந்தச் சொல் என் கையிலிருந்துதான் வந்திருக்கிறது. அதை அடித்து, அவள் சொன்னபடியே எழுதி, மறுபடி வாசித்துக் காட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு நான் போட்டேன். எட்டு மாதத்தில் அவளுக்கு மிஷின் திரும்பக் கிடைத்தது.

ஆகையால் இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். எவ்வளவு அவசரமானாலும், வக்கீல் எவ்வளவு முணுமுணுத்தாலும், எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பெண்ணுக்குப் பிறகு மூன்று வருடம் அப்படிச் செய்தேன். அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் நான் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை.