வைப்பருக்குத் தடவிய தேங்காய் எண்ணெய்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள். திருவாரூரில் லேப் டெக்னீஷியன் வேலையை முடித்துவிட்டு, குடவாசலுக்கு என் காரில் வந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கார்தான். ஆனால் எங்கள் தெருவில் கார் ஓட்டுகிற பெண் நான் ஒருத்திதான் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. எங்கேயாவது இடித்தால் 'பொம்பளை ஓட்டுனா இப்படித்தான்' என்று சொல்லிவிடுவார்களே என்ற பயமும் அதே அளவுக்கு உண்டு.

பூஜைக்கு இரண்டு வாரம் முன்பு சர்வீஸுக்கு விட்டபோதே மெக்கானிக் சொன்னார். "அக்கா, வைப்பர் ரப்பர் வெயில்ல காஞ்சு வெடிச்சுப் போச்சுங்க. மழைக்கு முன்னாடி மாத்திடுங்க." ரப்பரின் ஓரத்தை மடக்கியும் காட்டினார், பிசிறு பிசிறாக இருந்தது. "மழை வரட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நேரே போய்ப் புது சீட் கவர் வாங்கினேன். வைப்பரை யார் பார்க்கப் போகிறார்கள்?

பூஜையன்று காரைக் கழுவித் துடைத்தபோது, வைப்பர் மட்டும் வெளுத்துப்போய்க் கண்ணை உறுத்தியது. உள்ளே போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து, பஞ்சில் நனைத்து இரண்டிலும் நன்றாகத் தடவினேன். கருகருவென்று புதுசு மாதிரி ஆகிவிட்டது. சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி ஒரு சுற்று போய் வந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கு வருகிற வழியெல்லாம் ரோட்டில் பாதி அகலத்துக்குக் காயப்போட்ட நெல். குறுவை அறுப்பு நேரம். திடீரென்று வானம் இருட்டி, சடசடவென்று பிடித்துக்கொண்டது மழை. வைப்பரைப் போட்டேன். இரண்டு இழுப்பில் கண்ணாடி முழுக்க மோர் ஊற்றினதுபோல் வெள்ளையாகிவிட்டது. தண்ணீர் பீய்ச்சினேன், இன்னும் மோசமானது. நான் தடவிய எண்ணெயும் வெடித்த ரப்பரும் சேர்ந்து கண்ணாடிக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தன.

அங்கேயே ஓரங்கட்டியிருக்க வேண்டும். செய்யவில்லை. கழுத்தைச் சாய்த்து, ஓரத்தில் கொஞ்சம் தெரிந்த இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வீடு இன்னும் பத்து நிமிஷம்தானே.

டயர் பொதபொதவென்று எதிலோ இறங்கியது. யாரோ கத்தினார்கள். பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். குவித்து வைத்த நெல்லின் மேல் கார் ஏறி நின்றது. தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கடைசி நொடியில் துள்ளி விலகியிருந்தார்கள். தார்ப்பாய் முன் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்து, திறந்துகிடந்த நெல்லை மழை வாய்க்காலுக்கு இழுத்துக்கொண்டு போனது.

கார் கதவைத் திறந்து தலையை நீட்டினேன். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். "ரோட்டுல நெல்லக் கொட்டி வெச்சா வண்டி எங்கங்க போறது? கொஞ்சமாவது அறிவு வேணாம்?"

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு அறுப்பு அறுத்தவர்கள். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள், களம் இல்லாதவர்களுக்குத் தார் ரோடுதான் களம் என்பதெல்லாம் தெரிந்தே கத்தினேன்.

அந்தப் பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். "உங்களுக்கு ஒண்ணும் ஆவலையேம்மா?" என்றாள். அப்புறம், "வண்டியக் கொஞ்சம் பின்னால எடுங்க. நாளைக்கு நெல்லக் கொள்முதல்ல எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. ஊறிடுச்சுன்னா போச்சு" என்றாள்.

பின்னால் எடுத்தேன். இருவரும் மழையில் மண்டியிட்டு, கையாலேயே நெல்லை அள்ளி அன்னக்கூடையில் போட்டார்கள். நான் கார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். இறங்கி ஒரு கை அள்ளிப் போட்டிருக்கலாம். அன்றைக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, இறங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வந்து, தோளில் கிடந்த துண்டால் என் கண்ணாடியைத் துடைத்தாள். விரலை முகர்ந்து பார்த்தாள். புருஷனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அவர் பக்கத்து வயல் பம்புசெட்டுக்கு ஓடி, குளிக்க வைத்திருந்த சோப்புக்கட்டியை எடுத்து வந்தார். கண்ணாடியிலும் வைப்பர் ரப்பரிலும் தேய்த்து நுரையாக்கி, மழையிலேயே கழுவிவிட்டார்.

"எண்ணெயால்ல இருக்குது. யாருங்க போட்டது?" என்று கேட்டார்.

"ஷெட்டுல போட்டுட்டாங்க போல" என்றேன். மாற்றச் சொல்லித் தலைப்பாடாய் அடித்துக்கொண்ட அந்த மெக்கானிக்கின் தலையில், கண் இமைக்காமல் பழியைப் போட்டேன்.

"பாத்துப் போங்கம்மா. முன்னால இன்னும் நெறைய பேரு நெல்லு போட்டுருக்காங்க" என்றார் அவர்.

நேரே மெக்கானிக்கிடம்தான் போனேன். ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிட்டார். வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் நீளம் வேறு, அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும், ரப்பரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும், எண்ணெய் மட்டும் ஆகவே ஆகாது என்று சொல்லிக்கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. ஆனாலும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நாலு நாள் வேறு வழியில் சுற்றிப் போனேன். ஐந்தாம் நாள் ஒரு புதுத் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு அங்கே போனேன். அந்தப் பெண் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஒரு குவியல் தனியாகக் கிடந்தது. வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது.

"அது இனி கோழிக்குத்தான். மத்தது காஞ்சிருச்சுன்னா எடுத்துக்குவாங்க" என்றாள், நான் கேட்காமலே. தார்ப்பாயைக் கொடுத்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. "அப்புடி வெய்யிங்க. இன்னும் மழ இருக்குது" என்றாள்.

கிளம்பப் பார்த்தேன். கார் வரை போய்த் திரும்பி வந்தேன். "அன்னிக்கு அந்த எண்ணெய்... ஷெட்டுல போடல. நான்தான் தடவுனேன்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

அவள் கிளறுவதை நிறுத்தவில்லை. "தெரியும்மா" என்றாள். "தேங்கா எண்ணெ வாசன வந்துச்சே. ஷெட்டுல யாரு தேங்கா எண்ணெ போடப்போறா?"

இப்போதெல்லாம் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே வைப்பரை மாற்றிவிடுகிறேன். ஆனால் முதல் மழைக்கு அதைப் போடும்போதெல்லாம், நனைந்த நெல்லை விட்டுவிட்டு வந்து என் கண்ணாடியைக் கழுவி, நான் சொன்னது பொய் என்று தெரிந்தும் பார்த்துப் போகச் சொன்ன அந்த இரண்டு பேர் முன்னால், இன்னமும் கார் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல்தான் எனக்கு இருக்கிறது.