நடுக்கம் நின்ற பிறகு

போன வாரம் ஒரு மனிதர் என் கண் முன்னால் குளிரில் செத்துப் போனார். காஷ்மீரில் இல்லை... நம் போடிநாயக்கனூர் மலையில்!

போடிமெட்டில், ஏலத்தோட்டம் ஒன்றில் மேனேஜராக இருக்கிற மைத்துனரைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்க வேண்டிய நாள். மார்கழி மழையில் ரோட்டில் பாறை சரிந்து, ஜீப் எதுவும் ஓடவில்லை. காட்டுக்குள் பழைய நடைபாதை ஒன்று உண்டு — அடிவாரத்து முந்தலில் கொண்டுபோய் விடும். நாலைந்து பேராகக் கிளம்பினோம். பட்டப்பகல்தானே, என்ன ஆகிவிடும்?

கூட வந்தவர்களில் பாண்டியும் அவர் மனைவி செல்லத்தாயியும் இருந்தார்கள். சிலமலைக்காரர்கள். ஏலக்காய் பறிக்க மலையேறி, வீடு திரும்புகிறவர்கள். பாண்டிக்கு முப்பது வயது இருக்கலாம். ஒரு வேட்டி, ஒரு மெல்லிய சட்டை. தலையில் போட்டிருந்த சாக்கையும் மனைவிக்குக் கொடுத்துவிட்டார்.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. காலை வைத்த இடமெல்லாம் வழுக்கல். மழையும் காற்றும் எலும்புக்குள் புகுந்தன. எல்லோருக்கும் பல் தந்தியடித்தது — பாண்டிக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

"என்ன மாப்ளே, சாமி வந்துருச்சா?" என்றார் கூட வந்த ஒருவர். சிரித்தோம். பாண்டியும் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய நடுக்கம் நின்றுவிட்டது. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தோம். வேறென்ன நினைப்போம்? அப்புறம் நடை தள்ளாடியது. பேச்சு குழறியது. திடீரென்று நின்று, சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"வெக்கையா இருக்கு தாயி..."

செல்லத்தாயி பதறினாள். "கிறுக்கா புடிச்சிருக்கு ஒங்களுக்கு? மொதல்ல சட்டையப் போடுங்க!"

அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். "நீ முன்னால போ. செத்த நேரம் படுத்துட்டு வெரசா வந்துர்றேன்."

சாக்கைப் போர்த்தினோம். என் ஸ்வெட்டரை மாட்டிவிட்டோம். உள்ளங்காலைத் தேய்த்தோம். தீ மூட்டலாம் என்றால், அந்தக் காட்டில் காய்ந்த குச்சி ஒன்று இருக்க வேண்டாமா? தீப்பெட்டியே நமத்துப் போயிருந்தது. ஆள் மாற்றி ஆள் முதுகில் சுமந்து இறங்கினோம்.

"தூங்காதீக... என்னயப் பாருங்க..." — செல்லத்தாயி அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

நான் சுமந்தபோது அவர் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. முந்தல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்... அதுவும் நின்றது.

"குளிர்தான்" என்றார் போடியில் பார்த்த டாக்டர்.

துக்கம் கேட்கச் சிலமலைக்குப் போனேன். அங்கே கண்டது அதைவிடக் கொடுமை. செல்லத்தாயி ஒரு மூலையில் தனியாக. யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாண்டியின் தாயார் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நீங்க படிச்சவுக, சொல்லுங்க. குளுருக்கு மனுசன் சாவானா? நல்லாப் போன புள்ள சட்டையக் கழட்டிட்டுச் செத்தான்னா... இவ சோத்துல என்னத்தக் கலந்தாளோ!"

செல்லத்தாயி தலை நிமிர்ந்தாள். "அண்ணே, வெக்கையா இருக்குன்னு அவரு சொன்னது ஒங்களுக்கும் கேட்டுச்சுல்ல? எங்க அத்தைகிட்டச் சொல்லுங்கண்ணே."

"கேட்டதும்மா" என்றேன். டாக்டர் விளக்கியதையும் சொன்னேன். உள்ளுடம்பு ரொம்பக் குளிர்ந்துபோனால் நடுக்கம் நின்றுவிடும், புத்தி தடுமாறும், சிலருக்குக் கடைசியில் உடம்பு எரிகிற மாதிரிகூட இருக்குமாம். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். நம்பினாரா? இல்லை. செல்லத்தாயியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக நேற்றுக் கேள்விப்பட்டேன்.

நாம் வெயிலுக்குப் பயந்து வளர்ந்த ஜனங்கள். குளிர் என்றால் நமக்குச் சூடான காப்பி, ஒரு போர்வை, இன்னும் கொஞ்சம் தூக்கம்... அது ஆளைக் கொல்லும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? விஷம் என்றால் மட்டும் உடனே நம்பிவிடுகிறோம்!

சிலமலையில் யாராவது இதைப் படித்தால், அந்தத் தாயாருக்குக் கொஞ்சம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.