அரைஞாண் கயிறு

ரகுபதி இட்லித் தட்டைத் தூக்கத் துணி பிடிப்பதில்லை. ஆவி பறக்கும் தட்டை வெறும் விரலால் எடுத்து, கவிழ்த்து, இட்லி பிய்யாமல் இலையில் வைத்துவிடுவான். மந்தைவெளியில் அவனுடைய தள்ளுவண்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தங்களுக்கே சுட்டது மாதிரி கையை உதறிக்கொள்வார்கள். உடனே சட்னி ஊற்றிக்கொண்டிருக்கும் அக்கா செண்பகம் ஆரம்பித்துவிடுவாள். தம்பி மிலிட்டரியில் இருந்தவன். கார்கில் சண்டை வருஷத்தில் பனிமலையில் நின்றவன். சரிவில் புதைந்த தோழனைத் தோண்டி எடுப்பதற்காகக் கையுறையைக் கழற்றிப் போட்டவன். அன்றைக்குச் செத்த விரல்கள்தான் இவை.

சொல்லி அவளுக்கு அலுத்ததே இல்லை. எட்டாவதோடு தன் படிப்பை நிறுத்தி, வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துத் தம்பியைப் பத்தாவது தேற வைத்தவள் அவள். அந்த வீட்டில் பத்தாவது தேறிய முதல் ஆள் ரகுபதிதான். அதனால் அவனைப் பற்றிப் பேச அவளுக்குப் பாத்தியதை உண்டு. ரகுபதி அந்தக் கதையை மறுத்ததும் இல்லை, ஆமோதித்ததும் இல்லை. அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றுவான்.

பட்டாளத்தை விட்டு வந்ததிலிருந்தே அவன் அப்படித்தான். பெண் பார்த்தார்கள், வேண்டாமென்றான். ஒரு ஜவுளிக்கடையில் காவலுக்கு நின்றான், பிறகு விட்டுவிட்டான். அக்கா வண்டி போட்டாள், கூட வந்து நின்றுகொண்டான். கோபமும் வராது, சிரிப்பும் வராது. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வெள்ளைச் சட்டை போடுவான். ஊரூர் குப்பத்திலிருந்து லாரன்ஸ் ஸ்கூட்டரில் வருவான். இருவரும் ஒரே முகாமில் இருந்தவர்கள். அந்த முகாமில் இறந்துபோன அஃப்தாபின் அம்மா ஹாஜிரா பீயைப் பார்க்க ராயப்பேட்டைக்குப் போவார்கள்.

அவள் சோறு போட்டு, டீ கொடுப்பாள். ரகுபதியின் டம்ளரில் மட்டும் கைக்குட்டையைச் சுற்றிக் கொடுப்பாள். இட்லித் தட்டு தொட்டதும் விடுவது. டம்ளர் அப்படியில்லை. ஒருமுறை சூடு தெரியாமல் பிடித்தபடியே இருந்து விரல்கள் கொப்பளித்ததை அவள் பார்த்திருந்தாள். பிறகு மூவரும் கபரஸ்தானுக்கு நடப்பார்கள். அவள் வாசலோடு நின்றுகொள்வாள். இவர்கள் உள்ளே போய் அஃப்தாபின் கபரின் மேல் பூவைத் தூவிவிட்டு வருவார்கள்.

இந்த வருஷம் அந்த நாள் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பழைய பட்டாளத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பனி உருகி, அவர்கள் இருந்த முகாமுக்குக் கீழே ஓர் உடல் கிடைத்திருக்கிறது. கழுத்தில் அடையாள வில்லை இல்லை. ஆனால் அந்த முகாமில் காணாமல் போனவன் சித்தூர்ப் பக்கத்துச் சாய்நாத் ஒருவன்தான். ஆகவே அவன்தான் என்று முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சொந்த ஊரில் தகனம். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

ரகுபதி போனை மடித்த துண்டின் மேல் வைத்துவிட்டு வண்டியை முழுசாகக் கழுவி முடித்தான். கிடைத்திருப்பது சாய்நாத் இல்லை, அஃப்தாப். சாய்நாத் ராயப்பேட்டையில் இருக்கிறான். அவர்கள் வருஷா வருஷம் பூப் போடுவது அவன் மேல்தான்.

அன்று எதிரியின் குண்டு மேலே விழுந்து பனி சரிந்தது. கூடாரத்தில் இருந்த அஃப்தாபும் சாய்நாத்தும் புதைந்தார்கள். சாய்நாத்தின் உடல் மட்டும்தான் அகப்பட்டது. முகம் இல்லை. மேலதிகாரி ஏறி வருவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. அஃப்தாப் வீட்டுக்கு ஒரே பிள்ளை, அப்பா இல்லாதவன். லீவில் வந்தபோதெல்லாம் அவன் அம்மா கையால் சாப்பிட்டவர்கள் இவர்கள் இருவரும். காணாமல் போனான் என்று எழுதினால் அவள் சாகிற வரைக்கும் காத்திருப்பாள். சாய்நாத் அந்த வாரம்தான் வந்து சேர்ந்தவன். அவன் வீட்டைப் பற்றி இவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அஃப்தாபின் வில்லை அறுந்து அவன் பெட்டியில் கிடந்தது. லாரன்ஸ் சாய்நாத்தின் கழுத்திலிருந்த வில்லையைக் கழற்றிப் பள்ளத்தில் வீசிவிட்டு அஃப்தாபுடையதை மாட்டினான். அப்போதுதான் ரகுபதி சாய்நாத்தின் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிற்றைப் பார்த்தான். சண்டையில் செத்தவனைக் குளிப்பாட்டாமல் உடுப்போடே அடக்கிவிடுவார்கள். ஆனாலும் முஸ்லிம் பையன் இடுப்பில் அது தட்டுப்பட்டால் ஜனாஸாவில், அடக்கத்தின்போது, யாராவது கேட்பார்கள். கையுறையோடு முடிச்சு பிடிபடவில்லை. கையுறையைக் கழற்றினான். கயிறு உறைந்து கம்பியாக இருந்தது. அறுத்து முடிப்பதற்குள் விரல்கள் அவனுடையவை இல்லாமல் போய்விட்டன.

அஃப்தாபும் நாலு நாளில் கிடைத்துவிடுவான், அப்போது சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தார்கள். அவன் கிடைக்கவில்லை.

சாயங்காலம் ரகுபதி குப்பத்துக்குப் போனான். கரையில் ஏற்றியிருந்த படகின் நிழலில் லாரன்ஸ் உட்கார்ந்திருந்தான். அவனும் செய்தியைப் பார்த்திருந்தான்.

“மச்சி, அந்த வூட்டுக்கு ஒண்ணு, இந்த வூட்டுக்கு ஒண்ணு. ரெண்டு பேருக்கும் ஆள் வந்துட்டான். இன்னாத்துக்கு நோண்டுற?”

“அஃப்தாப எரிச்சிடுவாங்கடா.”

லாரன்ஸ் மணலை அள்ளி அள்ளிக் கொட்டினான். கேஸ் வரும், பென்ஷன் போகும், இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று கேட்டான். ரகுபதி கிளம்பத் திரும்பினான். கடைசியில் லாரன்ஸ்தான் பேசினான். “நீ போ. என் பேரையும் சொல்லு, வேணாங்கல. அந்தம்மா மூஞ்சிய என்னால பாக்க முடியாது.”

மறுநாள் ரகுபதி தனியாக ராயப்பேட்டைக்குப் போனான். ஹாஜிரா பீ முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நாள் தவறி வந்திருக்கிறானே என்று பார்த்தாள். லாரன்ஸுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். அவன் தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னான். குரல் எங்கேயும் உடையவில்லை. அடுத்தவன் கதையைச் சொல்வது போலத்தான் இருந்தது. அவள் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

“கயித்த யாரு அறுத்தது?” என்று மட்டும் கேட்டாள்.

“நான்தாம்மா.”

அவள் அவன் விரல்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அந்தப் புள்ளைக்கு அம்மா இருக்குதா?”

“இருக்காங்க. செய்தில போட்டிருந்தாங்க.”

“நான் அழுதேன், பேட்டா. அழுது முடிச்சிட்டேன். அவ இத்தினி வருசமா வாசலப் பாத்துக்கினு இருந்திருப்பா.” முறத்தை நகர்த்தி வைத்தாள். “போன் போடு.”

செய்தியின் அடியில் ஓர் அதிகாரியின் எண் இருந்தது. விரல் நுனி பட்டால் போன் கேட்காது. அவன் மடக்கிய விரலின் மூட்டால் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினான். தன் பெயரையும் பழைய பட்டாள எண்ணையும் சொன்னான். கிடைத்திருப்பது அஃப்தாப், சாய்நாத் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறான், மாற்றியது நாங்கள் என்றான். மறுமுனையில் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பச் சொன்னான். கூட யார் என்று கேட்டார்கள். லாரன்ஸ் பெயரையும் சொன்னான். தகனத்தை நிறுத்தி வைப்பதாகவும், டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் எடுக்க ஆள் வரும், அஃப்தாபின் தாயாரை வீட்டிலேயே இருக்கச் சொல்லவேண்டும் என்றும் சொன்னார்கள். விசாரணைக்கு அவன் வரவேண்டியிருக்கும் என்றார்கள். சரி என்றான்.

ஹாஜிரா பீ உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். கைக்குட்டை இல்லை. அவன் எடுத்துக் குடித்தான். டீயில் சர்க்கரை எப்போதும் போல இருந்தது. குடித்து முடிக்கும் வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இனிமேல் பூ வாங்கிக்கொண்டு வரவேண்டாம் என்றாள். அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தான்.

காலையில் வண்டியில் ஈடு இறக்கும்போது அக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். மூன்று விரல்களில் கொப்புளம். இன்னா இது என்றாள். கூட்டம் குறைந்ததும் வண்டிக்குப் பின்னால் நின்று அவளிடமும் சொன்னான். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு தோளில் கிடந்த துணியை எடுத்து நாலாக மடித்து அவன் கையில் திணித்தாள்.

ரகுபதி இப்போது துணி பிடித்துத்தான் தட்டு எடுக்கிறான். பழைய ஆட்கள் யாராவது ஏனென்று கேட்டால், “தம்பி மிலிட்டரில இருந்தவன்” என்பாள் அக்கா. அதற்கு மேல் சொல்லாமல் சட்னியை ஊற்றுவாள்.