ஏழு முடிச்சும் ஒரு தலைமுடியும்

யஸ்னாவுக்குச் சந்தேகம் பிறவிக்குணம். ரொட்டிக் கடைக்காரன் சிரித்தால் நேற்றைய ரொட்டியைத் தன் தலையில் கட்டுகிறான் என்பாள். சிரிக்காவிட்டால் தன்னைப் பற்றி எதையோ கேள்விப்பட்டுவிட்டான் என்பாள். சிலி நாட்டின் தெற்கே, சிலோயே தீவின் கிழக்குக் கரையில், எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவாகிற ஊர் அது. அங்கே சந்தேகப்படாத ஆளைத்தான் ஜனங்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரே அலுத்துக்கொள்கிற அளவுக்கு இவள் போனாள். சிப்பி ஆலையில் எட்டு வருஷ வேலை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வந்து விரல் விரலாக உதறிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவாள்.

அவள் சந்தேகிக்காமல் இருந்தது தன் உடம்பை மட்டும்தான். அதுதான் அவளைக் கைவிட்டது.

கல்யாணமாகி நாலு வருஷம். கணவன் எலாதியோ கடலில் மிதக்கும் சால்மன் பண்ணையில் வேலை பார்த்தான். பதினாலு நாள் தண்ணீரில், ஏழு நாள் வீட்டில். முதல் ராத்திரியிலிருந்தே அந்த விஷயம் நடக்கவில்லை. அவன் நெருங்கினால் போதும், அவள் பிறப்புறுப்பு இறுகி மூடிக்கொள்ளும். மீறினால் உயிர் போகிற வலி. ஆசை இல்லாமல் இல்லை. ஆசை இருக்கும்போதே மூடிக்கொண்டதுதான் கொடுமை. எலாதியோ ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. "சரி விடு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டுத் தூங்கிப்போவான். யஸ்னாவுக்கு அதுவே உறுத்தியது. கோபப்படாத ஆம்பிளைக்கு வேறு எங்கோ சாப்பாடு கிடைக்கிறது என்றுதானே அர்த்தம்? அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். மீன் தீவன வாடைதான் அடித்தது. அந்த வாடையை வைத்து எதையோ மறைக்கிறான் என்று முடிவுகட்டினாள்.

உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டில் மாமியார் ஓர்பெலினா இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டை. மாசத்துக்கு ஒரு தடவை மருமகளின் வயிற்றைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டே போவாள். கேள்வி கேட்டால்கூடப் பதில் சொல்லிவிடலாம். பெருமூச்சுக்கு என்ன பதில் சொல்வது?

கடைசியில் சுகாதார நிலையத்து மருத்துவச்சிதான் விஷயத்தைக் கறந்து, காஸ்த்ரோ நகரத்துக்கு அனுப்பி வைத்தாள். அங்கே ரொசீயோ என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். வடக்கிலிருந்து வந்த சின்னப் பெண், பெரிய காது வளையம். யஸ்னா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரொசீயோ திடீரென்று அவள் கண்ணை நோக்கி விரலை நீட்டினாள். யஸ்னா இமையை மூடினாள்.

"மூடுன்னு நீங்க சொன்னீங்களா?"

"இல்லையே."

"அதுவா மூடிக்கிச்சு. கீழேயும் அதேதான். அங்க இருக்கிற தசை, வலி வரும்னு பயந்து முன்னாடியே மூடிக்குது. உங்க தப்பும் இல்ல, அவர் தப்பும் இல்ல. பயப்படத் தேவையில்லைன்னு அதுக்குக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஒரு பெட்டியைத் திறந்தாள். வெளிர் சதை நிறத்தில் ஐந்து சிலிக்கோன் குழல்கள். முதலாவது சுண்டுவிரல் பருமன். ஐந்தாவதைப் பார்த்ததும் யஸ்னா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"அதைப் பாக்காதீங்க, அது கடைசியில. முதல்ல இந்தக் குட்டி. ஜெல் தடவிக்கங்க, வயித்தால மூச்சு விடுங்க, மெல்ல வச்சுக்கிட்டு பத்து நிமிஷம் சும்மா படுத்திருங்க. தள்ளக் கூடாது. வலிச்சா நிறுத்திடணும். ஒண்ணு சுலபமான பிறகுதான் அடுத்தது."

"இதுக்கு முன்னாடி யார் போட்டது இது?"

"புதுசுங்க! உறையே பிரிக்கல."

"உங்களுக்கு இதுல என்ன லாபம்?"

ரொசீயோ சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பையும் யஸ்னா மனசில் குறித்துக்கொண்டாள். பேருந்தில் திரும்பும்போது, தன்னை வைத்து ஏதோ பரிசோதனை செய்கிறார்கள் என்று நினைத்தாள். பரிசோதனையாகவே இருக்கட்டும் என்றும் நினைத்தாள். எலாதியோவை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவன் போய்விடுவான் என்ற பயமும் அவ்வளவு இருந்தது.

மே மாசத்தில் ஆரம்பித்தாள். எலாதியோ பண்ணைக்குப் போன நாள்களில், ஆலை முடிந்து வந்து, திரைச்சீலையை இழுத்து, கதவில் நாற்காலியை முட்டுக்கொடுத்து, படுப்பாள். ஒன்றாம் நம்பருக்கே ஆறு வாரம் ஆயிற்று. முதல் வாரம் தொட்டதும் உடம்பு பலகையாகிவிடும். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைச் சோப்புப் போட்டுக் கழுவி வைப்பாள். மூச்சு விடு என்றாளே, மூச்சுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று திட்டிக்கொண்டே மூச்சு விட்டாள். ஒரு நாள் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே அது இருக்கிறது, வலிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சத்தம் போட்டு அழுதாள். ஆகஸ்டுக்குள் மூன்றாம் நம்பர் வந்துவிட்டது.

எலாதியோவிடம் காஸ்த்ரோவில் வைத்தியம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். குழல்களைப் பற்றி மூச்சுவிடவில்லை. பார்த்தால் என்ன நினைப்பானோ. அதனால் ஐந்தையும் கறுப்புக் கம்பளித் துணியில் சுற்றி, கொட்டகையில் விதைக் கிழங்குக் குவியலுக்கு அடியில் புதைத்து வைத்தாள். செப்டம்பர் கடைசியில் நடவு வரும்வரை அந்தக் குவியலை யாரும் தொட மாட்டார்கள். இருந்தாலும், யாராவது பிரித்தால் தெரியவேண்டுமே? கயிற்றில் ஏழு முடிச்சுப் போட்டாள். கடைசி முடிச்சில் தன் தலைமுடி ஒன்றைச் செருகினாள். முடி அறுந்திருந்தால் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த யோசனை தோன்றியதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த வருஷம் மழை சீக்கிரமே விட்டது. ஓர்பெலினா பத்து நாள் முன்கூட்டியே நடலாம் என்று, மருமகள் ஆலையில் இருக்கும்போது கொட்டகைக்குப் போய்க் குவியலைக் கிளறினாள்.

யஸ்னா மூன்றரை மணிக்கு வீடு திரும்பியபோது முற்றத்தில் ஆள்கள் நின்றிருந்தார்கள். தகரத் தட்டின்மேல் அவளுடைய மூட்டை பிரிந்து கிடந்தது. சுற்றிலும் உப்பு. மேலே கெட்ட ஆவியை விரட்ட வைக்கிற அருவதா இலைக் கொத்து. ஓர்பெலினா கையில் அடுப்பு இடுக்கி. பக்கத்தில் தோன் ரொசமேல், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பாதிரியார் வராத நாள்களில் ஊர்த் தேவாலயத்தில் ஜெபம் சொல்கிற பெரியவர் அவர். வேலிக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு, மேட்டு வீட்டு தொமித்திலா. சூனியக்காரி என்று ஊர் ஒதுக்கி வைத்தவள். அவளை ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்கள்.

"வா கண்ணு, வந்து பாரு!" ஓர்பெலினாவின் முகத்தில் வெற்றி. "செய்வினை! உன் கிழங்குக்கு அடியில! நாலு வருஷமா உனக்கு ஏன் ஒண்ணும் தங்கலைன்னு இப்ப புரியுதா? ஏழு முடிச்சு, பொம்பள தலைமுடி. இது செத்தவன் கைவிரலு, அஞ்சும் வரிசையா! மெழுகுல காய்ச்சியிருக்கா."

"ரப்பர் மாதிரி இருக்கேம்மா" என்றார் தோன் ரொசமேல்.

"ரப்பரா? இவ என்ன டயர் கடையா வச்சிருக்கா? பொசுக்கினாத் தெரியும். பொசுக்கும்போது வச்சவளுக்குத்தான் எரியும். அதுக்குத்தான் இவள வரச்சொன்னேன்."

தொமித்திலா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "எரி. எனக்கு எரியாது. அது என்னுது இல்ல."

யஸ்னா தட்டையும் தொமித்திலாவையும் மாறி மாறிப் பார்த்தாள். சும்மா இருந்துவிடலாம். சொன்னால் நாளைக்கே ஆலையில் சிரிப்பார்கள். மோட்டார் படகுக்காரன் வழியாகச் சாயங்காலமே பண்ணைக்குச் சேதி போய்விடும். எலாதியோ நாலு பேர் நடுவில் தலைகுனிவான். தொமித்திலாவுக்கு இது ஒன்றும் புதிதில்லை. எத்தனையோ காலமாக அவளைப் பார்த்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்கிற ஊர். இன்னொரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும்? இப்படியெல்லாம் யோசித்தவள், அப்படி யோசித்ததற்காகத் தன் மேலேயே அருவருப்புப் பட்டாள்.

ஓர்பெலினா மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்தாள்.

"அத்தை, நிறுத்துங்க. அது என்னுது."

"என்னது?"

"முடி என்னுது. முடிச்சு நான் போட்டது. அதுகளும் என்னுதுதான். காஸ்த்ரோவுல குடுத்தாங்க. எனக்கு... அந்த இடம் மூடிக்குது. எலாதியோ பக்கத்துல வந்தாலே மூடிக்குது. நாலு வருஷமா ஒரு தடவைகூட நடக்கல. இதை வச்சுத்தான் கொஞ்சம் கொஞ்சமா பழக்குறேன். சின்னதுலேர்ந்து பெருசுக்கு."

தோன் ரொசமேலுக்குப் புரியவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. யஸ்னா வந்த ஆத்திரத்தில் அவர் கண்ணுக்கு நேராக விரலைக் கொண்டுபோனாள். பெரியவர் இமையை மூடிப் பின்வாங்கினார்.

"மூடுன்னு நீங்களா சொன்னீங்க? அந்த மாதிரிதான்."

தோன் ரொசமேல் தொப்பியை மாட்டிக்கொண்டார். பசுவுக்குத் தண்ணீர் வைக்கவில்லை என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, வயசுக்குப் பொருந்தாத வேகத்தில் நடந்தார்.

அவர் வாய் முந்துவதற்குள் தான் முந்த வேண்டும். யஸ்னா அங்கேயே நின்று கைபேசியில் புருஷனுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். குழல், மூணாம் நம்பர் வரை வந்தது, மூட்டை, மாமியார், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, "ஊருக்கே சொல்லிட்டேன். உனக்கு மானக்கேடுன்னா வராத" என்று முடித்தாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பின்னால் காற்று இரைந்தது.

"மூணு வந்துடுச்சா? என்கிட்ட ஏண்டி சொல்லல? அம்மாகிட்ட சொல்லு, அதுல ஒண்ணு கருகினாலும் அவங்கதான் காஸ்த்ரோவுக்குப் போய் வாங்கிட்டு வரணும்."

அவள் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டாள். எந்த இடத்தில் பொய் இருக்கிறது என்று தேடித் தேடிக் கேட்டாள். கிடைக்கவில்லை.

ஓர்பெலினா விறகு வெட்டும் கட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். இடுக்கி கீழே கிடந்தது. பார்வை தகரத் தட்டைவிட்டு அகலவில்லை.

"மூடிக்குமா?" என்றாள், மெதுவாக.

"ஆமா அத்தை."

"ஆசை இருந்தாலுமா?"

"இருந்தாலும்."

"வலி... உள்ள நுழையவே விடாம, சுவர் மாதிரி?"

யஸ்னா திரும்பி அவளைப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் ஓர்பெலினா. "அப்புறம் ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். எலாதியோ பொறந்தான். அதுக்கப்புறம் உன் மாமனார் என்கிட்ட வரவும் இல்ல, நான் கூப்பிடவும் இல்ல. வருஷத்துல பாதி நாள் அர்ஜென்டினா பக்கம் ஆட்டுக்கு மயிர் வெட்டப் போயிடுவார். கல்யாணத்துக்கு முன்னாடி அவர் இந்தத் தொமித்திலாகூட டான்ஸ் ஆடினாராம். அதனால இவதான் எனக்குச் செய்வினை வச்சுட்டான்னு என் அம்மா சொன்னாங்க. ஊரு சொல்லிச்சு. நானும் சொன்னேன்."

அவள் தலையை நிமிர்த்தி, முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, தொமித்திலாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அப்போ நீ எனக்கு ஒண்ணும் வைக்கலையா?"

தொமித்திலா கட்டியிருந்த கையை அவிழ்க்கவில்லை.

"இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா, ஓர்பெலினா? என் பொண்ணு கல்யாணத்துக்கு நாலு ஆடு அடிச்சேன். ஊர்ல ஒருத்தர் வரல. அத்தனை கறியையும் நானும் அவளுமா உப்புப் போட்டு வச்சோம்."

ஓர்பெலினா கட்டையிலிருந்து எழுந்து, மண்ணெண்ணெய் டப்பாவை மூடி வைத்தாள்.