ஆஹெனில் ஒரு வேல்ஸ் மிராசுதார், கூடவே என் அப்பா

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அப்பாவை ஆஹெனுக்குக் கூட்டிப்போனேன். ஊர் சுற்றிக் காட்டவா என்றால், இல்லை. ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் இருக்கும் என் வீட்டுக்கு அவர் வந்ததே ஒரு கையெழுத்துக்காகத்தான். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு மிஞ்சியிருப்பது மூன்று ஏக்கர். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் இரண்டு முறை நின்று தோற்றதில் மீதி போய்விட்டது. மூன்றாம் முறை நிற்க இதையும் விற்கவேண்டும். பூர்வீகச் சொத்து, நான் கையெழுத்துப் போடாமல் நடக்காது. நாள் தவறாமல் வீட்டில் இதே பேச்சு. எனக்கு அலுத்துவிட்டது.

அதனால்தான் ஆஹென். நான் மேல்படிப்பு படித்தது வேல்ஸில். விடுதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகை, ஜார்ஜ் மன்னர்கள் காலத்து மிராசுதார் ஒருவருடையது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தேர்தலுக்குத் தேர்தல் ஊருக்கே சாராயம் ஊற்றி, வண்டி கட்டி ஆள் கொண்டுவந்து, பண்ணையை அழித்தார். கடைசியில் கடன்காரர்களுக்குப் பயந்து, மூட்டுவலிக்கு வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போகிறேன் என்று ஆஹெனுக்கு ஓடிவந்து, இங்கேயே செத்தும் போனார். அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது?

காலை ஒன்பதரைக்கு வட்டார ரயில். ஒன்றரை மணி நேரம் என்பார்கள், எங்களுக்கு இரண்டேகால். நிலையத்திலிருந்து வெந்நீர் ஊற்று மண்டபம் ஒரு கிலோமீட்டர்தான். அப்பாவின் முழங்காலுக்காக டாக்ஸி பிடித்தேன், பத்து யூரோ. ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் காதில் விழுந்ததும் அப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது.

"இந்த ஊர்ல நம்ம ஆளுங்க எத்தனை ஓட்டு தேறும் தம்பி?"

"அதெல்லாம் எண்ணிப் பாக்கேல்லை ஐயா. நான் வேலை, வீடெண்டு ஓடுறன்" என்று சிரித்தார் அவர். "படி வழுக்கும், பாத்து இறங்குங்கோ."

அப்பா அவருக்குப் போட்ட கும்பிட்டைப் பார்த்திருந்தால், ஜெயித்தே விட்டார் என்று நினைத்திருப்பீர்கள்.

தூண்கள் வைத்த மண்டபம். குழாயில் வெந்நீர் கொட்டுகிறது, அழுகின முட்டை நாற்றம். வேல்ஸ்காரர் தங்கிய வீடும் இல்லை, கல்லறையும் இல்லை. கத்தோலிக்க ஊர், இவர் வேறு சபை. ஊருக்கு வெளியே எங்கோ புதைத்திருக்கிறார்கள். அத்தனை நிலத்தை ஆண்ட மனிதருக்கு ஆறடி மண் சொந்த ஊரில் கிடைக்கவில்லை பாருங்கள் என்று கதையைச் சொல்லி முடித்தேன்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஜெயிச்சாரா?"

"கடைசித் தேர்தலைத் தவிர எல்லாத்துலயும்."

"நிலத்தை அடமானம் வைக்கையில புள்ள கையெழுத்துப் போட்டானா?"

அந்தக் காலத்திலும் வாரிசு சம்மதிக்கவேண்டும். "போட்டான்ப்பா."

"நல்ல புள்ள."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பக்கத்து பேக்கரியில் இரண்டு காபி, ஒரு கேக், பதினோரு யூரோ. அங்கே உட்கார்ந்தபோதுதான் அப்பா சொன்னார். "தோத்தாலும் அந்த ஒரு மாசம் வாசல்ல முப்பது சோடி செருப்பு கெடக்குதுடா. உங்கம்மா போனப்புறம் வேற எதுக்கு யாரு வர்றா?"

மீதிக் கேக்கை அவர் பக்கம் தள்ளினேன். ஆனாலும் திரும்பும் ரயிலில், கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, "அப்ப ஊருக்குப் போற டிக்கெட்டை முன்னாடி மாத்திப் போடு" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: மாதச் சீட்டு இருந்தால் ரயிலுக்குத் தனிச் செலவில்லை. தாமதத்துக்கு ஒரு மணி நேரம் சேர்த்தே கிளம்புங்கள். ஞாயிறு வேண்டாம், கடைகள் பூட்டியிருக்கும். ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம். பெற்றவர்களுக்குப் பாடம் சொல்லும் எண்ணம் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்று ஏக்கரும் பத்திரமாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் அப்பாவைக் கூப்பிடுகிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார். பேசத்தான் மாட்டேன் என்கிறார்.